புலியார் விடைபெற்ற கதை

ஒரு காட்டில், சிக்னல் நன்றாகக் கிடைக்கிற காட்டில்தான், வண்ணமுத்து என்றொரு பச்சோந்தி இருந்தது. மாய உலகங்கள் செய்வது அதன் தொழில். அது செய்த முகமூடியை மாட்டிக்கொண்டால் குட்டைத் தவளைக்கும் கடல் தெரியும். நாக்கில் உப்புக்கூடக் கரிக்கும்.

ஒருநாள் மான்கூட்டத்தின் தலைவி மரிக்கொழுந்து வந்தது.

"தம்பி, புலியார் வேட்டையெல்லாம் முகமூடிக்குள்ளேயே ஆடட்டும். எங்களை விட்டாப் போதும்."

"அதுக்கென்னக்கா, செஞ்சுட்டாப் போச்சு."

செய்தது. முகமூடி முகத்தோடு பூட்டிக்கொள்ளும். போட்டிருப்பவர் "போறேன்" என்றால் திறக்கும், "வரேன்" என்றால் மூடிக்கொள்ளும். கடல் கடந்து படித்துவந்த பச்சோந்தி, அங்கே பழகிய சொல்லை அப்படியே தமிழில் போட்டிருந்தது.

புலி அதை ஆசையாக வாங்கி மாட்டிக்கொண்டு, பத்து மாய மான்களைத் துரத்தி அடித்தது. பரம திருப்தி. "அப்போ போயிட்டு வரேன் தம்பி" என்றது.

"போயிட்டு" என்றதும் முகமூடி திறந்தது. "வரேன்" என்றதும் மூடிக்கொண்டது.

"ஐயா, வெறும் 'போறேன்'னு சொல்லுங்க!"

"சீச்சீ! கிளம்பும்போது யாராவது அப்படிச் சொல்வாங்களா? உங்க வீட்டுல ஒண்ணும் சொல்லித்தரலையா?"

இரண்டு நாள் ஆயிற்று. மாய மான் வயிற்றில் தங்குமா? புலி மரியாதையாகவே பட்டினி கிடந்தது.

"மாத்திடட்டுமாக்கா? செத்துடுவார் போல."

"அவர் பண்பாட்டுல நாம ஏன் கை வைக்கணும்?" என்றது மரிக்கொழுந்து.

மூன்றாம் நாள் மான்கள் கூட்டமாக வேடிக்கை பார்க்க வந்து, புலியின் விலா எலும்புகளை எண்ணின. பச்சோந்திக்கு மனசு கேட்கவில்லை. சொன்னால் மான்கள் தடுக்கும் என்று, கிளையில் இருந்தபடியே சத்தமில்லாமல் விதியை மாற்றியது: இனி யார் குரலானாலும் சரி, "போயிட்டு வரேன்" என்று கேட்டால் மட்டுமே திறக்க வேண்டும். மான்கள் கிளம்பியதும் தானே சொல்லிவிடலாம் என்று வாயை மூடிக்கொண்டு காத்திருந்தது.

அந்த நேரம் பார்த்துப் புலிக்குப் பொறுமை போயிற்று.

"போறேன்! போறேன்! இனி இந்தப் பக்கமே வரமாட்டேன்!"

முகமூடி அசையவில்லை. மான்கள் விழுந்து விழுந்து சிரித்தன. சிரித்து முடித்த மரிக்கொழுந்துக்கு, என்ன இருந்தாலும் வளர்ந்த வளர்ப்பு, சொல்லிக்கொள்ளாமல் போக மனம் வரவில்லை. கிளையை அண்ணாந்து பார்த்தது.

"அப்போ, போயிட்டு வரேன் தம்பி."

க்ளிக்.

புலி கண்ணைக் கசக்கிக்கொண்டது. எதிரே மரிக்கொழுந்து.

"வாங்க" என்றது, மிகுந்த மரியாதையாக.

நீதி: புலி பக்கத்தில் இருக்கையில், சொல்லாமல் கொள்ளாமல் கிளம்புவதே நல்ல வளர்ப்பு.