கிழக்கரைப் படகின் மதிப்பு

இருகரை நாட்டை எந்த வரைபடத்திலும் தேட வேண்டாம். தேடிப் புறப்பட்டவர்கள் சுற்றிச் சுற்றித் தங்கள் சொந்த ஊருக்கே வந்து சேர்ந்ததாகக் கேள்வி. அந்த நாட்டின் நடுவே மணியாறு ஓடியது. மேற்குக் கரையில் சந்தையும் வைத்தியசாலையும் இருந்தன. கிழக்குக் கரையில் முந்நூறு வீடுகளும் ஒரு படகும் இருந்தன. ஒரு வெள்ளத்துக்குப் பிறகு வீட்டுக்கு ஒரு மூட்டை நெல் கொடுத்து வாங்கிய படகு அது. ஆகவே முந்நூறு வீட்டுக்கும் அது சொந்தம்.

தாயம்மாள் அந்தப் படகுக்குக் கயிறு திரித்துக் கொடுப்பவள். கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகள் வடிவு மேற்குக் கரையில், துறைக்குப் பக்கத்திலேயே வாழ்க்கைப்பட்டிருந்தாள். வெள்ளிதோறும் தாயம்மாள் ஒரு செப்புக்காசு கொடுத்து அக்கரைக்குப் போவாள். அந்தக் காசு படகோட்டி மாசானத்தின் கூலியாகவும், வாத்தியாரின் சம்பளமாகவும், கயிற்று விலையாகத் தாயம்மாளின் சுருக்குப்பைக்கே திரும்பி வந்தும் ஊருக்குள் நடமாடிக்கொண்டிருந்தது. கரையில் யாராவது ஓடிவருவது தெரிந்தால் மாசானம் துடுப்பை மடியில் வைத்துவிடுவான். கர்ப்பிணிகளிடமும் நோயாளிகளிடமும் காசு வாங்க மாட்டான். இதையெல்லாம் தர்மம் என்று அங்கே யாரும் சொன்னதில்லை. படகு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தார்கள்.

ஒருநாள் மதிப்பீட்டு அமைச்சர் தண்டபாணியார் நான்கு எழுத்தர்களோடு துறைக்கு எழுந்தருளினார்.

"இப்படகின் உரிமையாளர் எவர்?"

"நாங்கதாங்கய்யா," என்றான் மாசானம்.

"நாங்கள் என்றொருவர் பதிவேட்டில் இல்லையே. தனிப்பெயர் வேண்டும்."

"முந்நூறு பேரு இருக்கு. இப்பவே எழுத ஆரம்பிச்சா அந்திக்குள்ள முடிச்சிரலாம்."

எழுத்தர்கள் கலங்கிப்போய் அமைச்சரைப் பார்த்தார்கள்.

"போகட்டும். சென்ற ஆண்டு இதனால் தலைநகருக்கு வந்த லாபம் எவ்வளவு?"

"அங்க எதுக்குய்யா வரணும்? எல்லாம் இங்கதான இருக்கு. இந்தா, வாத்தியாரு நிக்கிறாரு பாருங்க."

வாத்தியார் கூச்சத்தோடு கும்பிட்டார். அமைச்சர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "மதிப்பு: ஏதுமில்லை," என்று எழுதச் சொன்னார்.

பத்தாம் நாள் அரசாணை வந்தது. மதிப்பில்லாத பொருளை வைத்திருப்பது மக்களின் மதிப்பைக் குறைக்கும் என்பதால், மன்னர் பெருங்கருணையோடு படகைப் பொற்கலம் நிறுவனத்திடம் ஒப்படைத்தார். நிறுவனம் படகுக்குப் பொன்வண்ணம் பூசியது. கட்டணம் எட்டுக் காசானது. கயிறும் படகோட்டியும் தலைநகரிலிருந்து வந்தன. மணியடித்தால் படகு கிளம்பிவிடும். ஓடிவருகிறவர்கள் மூச்சிரைக்கக் கரையில் நிற்பார்கள். ஏறுவோர் குறைந்தார்கள். அதனால் நேர்ந்த நஷ்டத்தை ஈடுகட்ட இரண்டாம் ஆணை கட்டணத்தைப் பன்னிரண்டாக்கியது. நீந்திக் கடப்பது நிறுவனத்தோடு செய்யும் நியாயமற்ற போட்டி என்றது மூன்றாம் ஆணை. சம்பளமில்லாத வாத்தியார் ஒரு காலையில் பெட்டியோடு ஊரைவிட்டுப் போனார்.

அந்தப் பருவத்தில்தான் வடிவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. திரிக்கக் கயிறில்லாத தாயம்மாளிடம் பன்னிரண்டு காசு ஏது? வடிவிடமும் இல்லை. வெள்ளிதோறும் துறைப்படியில் வந்து நிற்பாள். அக்கரையில் வடிவு ஒரு சிறு துணிச்சுருளைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டுவாள். அவ்வளவுதான் தெரியும். அழுகிறதா, சிரிக்கிறதா, முடி இருக்கிறதா, ஒன்றும் தெரியாது. காற்று இந்தப் பக்கம் வீசினால் தாயம்மாள் மூச்சை இழுத்துப் பார்ப்பாள். ஆற்று வாடைதான் வரும்.

"ஆத்தா, யாரு ஜாடைன்னு மட்டுமாச்சும் காட்டு," என்று ஆற்றங்கரை அம்மனிடம் கேட்பாள். ஆறு மாதம் கேட்டாள்.

முணுமுணுப்பு தலைநகரை எட்டியது. மன்னர் வாக்கெடுப்பு அறிவித்தார். படகு நிறுவனத்திடமே இருக்கட்டுமா, மக்களிடம் திரும்பட்டுமா என்று கிழக்கரை வீட்டார் தீர்மானிக்கலாம். சாவடி மேற்குக் கரைக் குன்றின்மேல். அன்று ஒருநாள் படகு இலவசம். கரையிறங்கிய ஒரு மணி நேரத்தில் அதே படகில் திரும்பிவிட வேண்டும்.

தாயம்மாள் முதல் ஆளாக ஏறினாள். "ஓட்டை மாத்திப் போட்டுறாதீங்கக்கா," என்றான் பக்கத்தில் நின்ற மாசானம்.

"போடா. ஆறு மாசமா மனசுல போட்டு வச்ச ஓட்டுடா இது."

அக்கரையில் இறங்கினாள். குன்றேற அரை மணி, இறங்க அரை மணி. வலப்பக்கம் குன்றுப் பாதை. இடப்பக்கம், கூப்பிடு தூரத்தில், வடிவு வாசலில் நின்றிருந்தாள். குழந்தை கையை ஆட்டியது. தாயம்மாள் இரண்டடி வலப்பக்கம் நடந்தாள். 'இத்தனை பேரு போறாக. நான் ஒருத்தி போடலேன்னா ஆத்தா கோவிச்சுக்க மாட்டா' என்று தனக்கே சொல்லிக்கொண்டு திரும்பி ஓடினாள்.

குழந்தைக்கு அவளுடைய இறந்துபோன கணவரின் நெற்றி. அந்த ஒரு மணி நேரமும் அவள் அதைக் கீழே விடவில்லை. கிளம்பும்போது கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்தாள்.

வாக்களித்தவர் விரலில் கறுப்பு அடையாளம் இருக்க வேண்டும். திரும்பும் படகில் எல்லோரும் கைகளை மடியில் ஒளித்திருந்தார்கள். மாசானம் தாயம்மாளின் விரலைப் பார்த்துவிட்டான்.

"நல்லவேளைக்கா, நீங்களாச்சும் போட்டீங்க. எங்கம்மாவைப் பாத்துட்டு வரதுக்குள்ள எனக்கு நேரமாயிருச்சு."

"இது பிள்ளைக்குப் பொட்டு வச்சதுடா," என்றாள் அவள்.

ஒவ்வொருவராகக் கைகளை வெளியே எடுத்தார்கள். எல்லா விரல்களும் சுத்தமாக இருந்தன. அக்காளைப் பார்த்தவள், மகனைப் பார்த்தவர், வைத்தியசாலையில் கிடந்த மனைவிக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு வந்தவர். அடுத்தவர் போட்டிருப்பார் என்று ஒவ்வொருவரும் நம்பியிருந்தார்கள். படகின் அடுத்தடுத்த நடைகளிலும் அதே கதைதான்.

மறுநாள் முரசறைந்தார்கள். பதிவான வாக்குகள் ஒன்பது. கிழக்கரையில் வாடகைக்கு வீடு எடுத்திருந்த நிறுவன அலுவலர்களும் ஒன்பது பேர். ஒருமனதான தீர்ப்பு என்று அமைச்சர் மக்களின் முதிர்ச்சியைப் பாராட்டினார். அடுத்த இலவசப் பயணம் ஐந்தாண்டுகளுக்குப் பிறகு என்றும் மகிழ்ச்சியோடு தெரிவித்தார்.

ஐந்து ஆண்டு. குழந்தை நடந்து, பேசி, ஓடப் பழகியிருக்கும். தாயம்மாள் வீட்டுக்குள் போய் அம்மன் படத்தின் முன் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு மாசானத்தைக் கூட்டிவந்து வாசலில் நிறுத்தினாள்.

"இந்தக் கதவைக் கழட்டித் தர்றியா?"

"ஏங்கக்கா, உளுத்துப்போச்சா?"

"இல்லடா, நல்ல தேக்கு. அதான் கேக்குறேன். இது தண்ணியில எத்தனை ஆளைத் தாங்கும்?"

மாசானம் கதவைத் தட்டிப் பார்த்தான். காதை வைத்துக் கேட்டான். "ஒத்தக் கதவு போதாதுக்கா," என்று அவன் சொல்லி முடிப்பதற்குள், எதிர்வீட்டுக்காரி தன் வீட்டுக் கதவின் கீலுக்கு எண்ணெய் விட ஆரம்பித்திருந்தாள்.