பதினான்கு மாத கன்சல்டிங்

பொய் சொல்லி மாட்டிக்கொள்வது எல்லாருக்கும் நடப்பதுதான். பொய்யைக் கண்டுபிடிக்கிற வேலைக்கே பொய் சொல்லிப் போய் மாட்டிக்கொண்ட பெருமை, எனக்குத் தெரிந்து, எனக்கு மட்டும்தான்.

பழைய கம்பெனி என்னை வீட்டுக்கு அனுப்பிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. கீழ்க்கட்டளை வீட்டில் பகல் பதினொரு மணிக்கு எழுந்து, அப்பாவின் கண்ணில் படாமல் சாப்பிடும் கலையில் தேர்ந்திருந்தேன். அப்போதுதான் நாவலூரில் ஒரு பெரிய இன்சூரன்ஸ் நிறுவனத்திலிருந்து கிரெடிட் அனலிஸ்ட் இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்தது. மக்கள் கட்டும் பிரீமியத்தை அவர்கள் மற்ற கம்பெனிகளுக்குக் கடனாகக் கொடுப்பார்கள். கடன் கேட்கிற கம்பெனி சொல்வதெல்லாம் நிஜமா என்று துருவிப் பார்ப்பதுதான் வேலை. (நான் துருவ வேண்டுமாம்.) இதுவும் போனால் திருமுடிவாக்கத்தில் மாமாவின் லேத் பட்டறையில் பில் போட உட்காரவேண்டியதுதான் என்று அப்பா தீர்ப்பு சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பிய அம்மா, எனக்காக ஜெபக் குறிப்பு எழுதிக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். தாராளமாகக் கொடும்மா என்று போர்வைக்குள்ளிருந்தே அனுமதி அளித்தேன்.

செவ்வாய்க்கிழமை இன்டர்வியூ. எதிரில் ஐம்பது வயது மதிக்கத்தக்க நிதானமான மனிதர். கணக்குக் கேள்விகளுக்கெல்லாம் ஒழுங்காகவே பதில் சொன்னேன். பிறகு அவர் என் ரெஸ்யூமேயில் அந்தப் பதினான்கு மாத இடைவெளியில் விரலை வைத்தார். அதற்கென்றே கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்திருந்தேன். ஃப்ரீலான்ஸ் கன்சல்டிங் என்றேன். மூச்சுவிட நேரமில்லை, தினமும் ஐந்து மணிக்கே எழுந்துவிடுவேன் என்று கேட்காத தகவலையும் சேர்த்துக் கொடுத்தேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார்.

"தம்பி, கீழ்க்கட்டளை எஸ்தர் அக்கா பையன்தானே நீங்க?"

தலையாட்டினேன்.

"நானும் தாம்பரத்துல அதே சர்ச்சுதான். ஞாயித்துக்கிழமை பாஸ்டர் உங்க ஜெபக் குறிப்ப வாசிச்சாரு. நாவலூர்ல இன்டர்வியூ, பதினாலு மாசமா வேலை இல்ல, பதினோரு மணி வரைக்கும் தூங்குறான், அந்தச் சோம்பேறித்தனத்த ஆண்டவர் எடுத்துப் போடணும்னு."

அம்மா என் ரகசியத்தைக் கடவுளைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. போகிற வழியில் அது மைக்கில் ஏறி, சபை முழுவதற்கும் கேட்டுவிட்டது.

வேலை இல்லாமல் இருப்பது குற்றமில்லை, உள்ளதைச் சொல்லியிருந்தால் எடுத்திருப்பேன் என்று அவர் கோபமே இல்லாமல் சொன்னபோது, நிஜமாகவே அழுகை வந்தது. எழுந்து கை கொடுத்தார்.

"சர்ச்சுல உங்களுக்காக ஆமென் சொன்னேன் தம்பி. இங்க சொல்ல முடியல."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எகிறினேன். ஆண்டவருக்கே பொய் எழுதிக் கொடுக்கச் சொல்கிறாயா என்று திருப்பிக் கேட்டார். மறுவாரம் பட்டறையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது வேறு வேலை, கல்யாணமும் ஆகிவிட்டது. ஆபீஸில் உட்கார்ந்துகொண்டே, மேடவாக்கம் தாண்டிவிட்டேன், பத்து நிமிஷத்தில் வந்துவிடுவேன் என்று போன் செய்வேன். என் மனைவி உடனே தோசைக்கல்லை அடுப்பில் வைக்கமாட்டாள். "அத்தை, பத்து நிமிஷமாம். நம்பலாமா?" என்று முதலில் அம்மாவிடம் விசாரிப்பாள்.

அம்மா இதுவரை ஒரு தடவைகூட நம்பலாம் என்று சொன்னதில்லை.