நாலு பக்கமும் தண்ணி

கல்யாணப் பேச்சே எடுக்கக்கூடாத ஆடி மாசத்துல, மண்ணூர் முனிரத்தினம் கல்யாணத்தைப் பத்தி ஒரு சபதம் போட்டாரு. பொண்ணு கலைமதி கல்யாணத்துல கண்ணப்பன் கையில மைக்கு போவக்கூடாது.

இதெல்லாம் ஒரு சபதமான்னு மூஞ்சைச் சுளிக்கிறவங்க, கண்ணப்பனை ஒரே ஒரு நாளு மச்சானா வச்சிப் பாத்துட்டு வந்து பேசுங்க. கண்ணப்பன், முனிரத்தினம் சம்சாரம் சுந்தராம்பாளோட அண்ணன். சேரப்பணஞ்சேரிக்காரரு. நாலு தென்னை வச்சவனே ஊருக்குள்ள நெஞ்சை நிமித்திகினு நடக்கறான், இவரு தோப்பே வச்சிருக்காரு, சும்மா இருப்பாரா? கலைமதிக்குக் காது குத்தினப்போ கொழந்தை மாமன் மடியில. சரி, அது மொறை. வயசுக்கு வந்தப்போ குச்சு கட்டினது மாமன். அதுவும் மொறை. ஆனா முனிரத்தினம் வூடு கட்டிக் குடி போனப்போ தாய்மாமனுக்கு இன்னா மொறை? வாசல்ல நின்னு ரேடியோ செட்டுக்காரன் கையில இருந்த மைக்கைப் புடுங்கி, "வந்திருக்கும் அனைவரையும் வருக வருக என"ன்னு ஆரம்பிச்சவரு, பந்தி முடியற வரைக்கும் வுடல. பகல் ஷிஃப்டு, நைட் ஷிஃப்டு, ஓ.டி.ன்னு உசுரை வுட்டு அந்த வூட்டைக் கட்டினது முனிரத்தினம். மொய் வைக்க வந்த ஒரு பெரியவரு அவரையே கூப்ட்டு, "நீதான் கொத்தனாரா தம்பி? வேலை சுத்தம்"னாரு.

அன்னிக்கு விழுந்த அடி. இன்னும் வீக்கம் வத்தல.

முனிரத்தினம் ஒண்ணும் சோப்ளாங்கி கெடையாது. ஸ்ரீபெரும்புதூர் ரோட்டுல ஒரு பம்பு கம்பெனியில லைன் சூப்பர்வைசரு. அவரு மொறைச்சா மிஷினே கொஞ்சம் வேகமா ஓடும். அதே ஆளு வூட்டு வாசல்ல செருப்பைக் கழட்டறப்போ, சூப்பர்வைசரையும் சேத்துக் கழட்டி வச்சிட்டுதான் உள்ள போவாரு.

வழி காட்டினது லைன்ல கூட வேலை பாக்கற சாம்சன். கேன்டீன்ல டீ குடிக்கறப்போ ஒரு போட்டோ ஆல்பம் சுத்துக்கு வந்துது. மேனேஜரு பொண்ணு கல்யாண ஆல்பம். மணல், தென்ன மரம், பின்னால பச்சையும் நீலமுமா கடலு. நடுவுல ஒரு சின்னப் பந்தல்.

"இன்னாடா எடம் இது?"

"அந்தமான், அண்ணாத்த. மாப்ள நேவியில கீறாரு. தீவுலயே கல்யாணத்தை முடிச்சிட்டாங்கோ. என் மச்சான் கூட அங்கதான் மரக்கடை வச்சிகினு கீறான். சொன்னா அவனே பந்தல் போட்டுக் குடுப்பான்."

"எப்பிடிப் போறது?"

"மெட்ராஸ் ஹார்பர்ல கப்பல் ஏறணும். மூணு நாளு. ஏறினவன்ல பாதிப் பேரு கொடலை வாய் வழியா எடுத்துட்டுதான் எறங்குவான்."

முனிரத்தினம் டீ கிளாஸைக் கீழ வச்சாரு. "அதை இன்னொரு வாட்டி சொல்லு."

"எதை?"

"அந்தக் கொடல் மேட்டரு."

ஏன்னா கண்ணப்பனுக்கு ஒரே ஒரு பலவீனம் உண்டு. ஊர்ல எவனுக்கும் பயப்படாதவரு, பஸ்ஸுக்குப் பயப்படுவாரு. சேரப்பணஞ்சேரியில ஏறினா படப்பை வர்றதுக்குள்ள ஜன்னல் பக்கம் உக்காந்திருக்கறவன் எழுந்து ஓடணும். அதனாலயே காஞ்சிபுரமா இருந்தாலும் டிவிஎஸ் ஃபிஃப்டிதான். அந்த வண்டி கடல்ல ஓடாது.

தாய்மாமன் இல்லாம தாலி கட்டலாமான்னு கேப்பீங்க. முனிரத்தினமும் யோசிச்சாரு. சாம்சன் மச்சானை மாமன் ஸ்தானத்துல நிக்க வச்சிடலாம்னு முடிவு பண்ணிட்டாரு. யாரு மச்சானா இருந்தா இன்னா, மச்சான் மச்சான்தானே.

சாயங்காலம் வூட்டுக்கு வந்தப்போ சுந்தராம்பாள் அருவாமணையில கத்திரிக்கா அரிஞ்சிகினு இருந்தா. முனிரத்தினம் ரெண்டு தடவை இருமினாரு. மூணாவது இருமலுக்கு அவ தலையைத் தூக்கினா.

"இன்னாய்யா, கஷாயம் வைக்கணுமா?"

"அது இல்லமே. கலைமதி கல்யாணத்தை அந்தமான்ல வைக்கலாம்னு கீறேன்."

"அங்க ஜெயிலுதான கீது?"

"ஜெயிலும் கீது. அதை வுடு. தென்ன மரம் கீது, கடலு கண்ணாடியாட்டம் கீது. மேனேஜரு வூட்டுக் கல்யாணமே அங்கதான். நம்ம பொண்ணு இன்னா கொறைச்சலு?"

"எங்க அண்ணன் வர வேணாமா?"

"வரட்டுமே. யாரு வேணாம்னா? கப்பல்ல எடம் கீது." இதைச் சொன்னப்போ அவரு மூஞ்சி இருந்த இருப்பைப் பாத்தா, கோயில் மாடு கூட இவரு பக்கத்துல கொஞ்சம் திருட்டு முழி முழிக்கும்.

சுந்தராம்பாள் ஒரு கத்திரிக்காயை முழுசா அரிஞ்சி முடிச்சா. அப்பறம், "சரி"ன்னா.

சண்டைக்குன்னு மனப்பாடம் பண்ணி வச்சிருந்த பதிலெல்லாம் முனிரத்தினத்துக்கு வேலையில்லாம போச்சி. "இன்னா சரி?"

"சரின்னா சரிதான். பெத்தவன் நீ. எடத்தை நீதான் சொல்லணும். ஆனா பேசி வச்சிருக்கற சம்பந்தி வூட்டாண்ட இப்பவே வாயைத் தொறந்துடாத. ஒப்புத் தாம்பூலத்தன்னிக்கி சபையில எழுந்து நின்னு சொல்லு. தட்டு மாத்தறதுக்கு முன்ன சபையில வச்ச பேச்சை எவனாலும் மாத்த முடியாது. எங்க அண்ணனே வந்தாலும் முடியாது."

"அதான், அதான்."

"இன்னொண்ணு. அந்தமான்னு பேரைச் சொல்லித் தொலைக்காத. பெருசுங்களுக்கு அந்தமான்னா ஜெயிலு. கல்யாணத்துக்குக் கூப்புடறானா, ஆயுள் தண்டனைக்குக் கூப்புடறானான்னு எழுந்து போயிடுவாங்கோ. தீவுன்னு மட்டும் சொல்லு. தட்டு கை மாறட்டும். அப்பறமா பேரைச் சொல்லிக்க."

கல்யாணமான நாள்ல இருந்து ஒரு வெங்காயத்தைக் கூட இவரு சொன்னபடி நறுக்காத பொம்பள இப்பிடிப் பேசினா, ஒரு ஆம்பளைக்கு வயிறு கலங்க வேணாமா? இவருக்குப் பசிதான் எடுத்துது. ரெண்டு தட்டு சோறு சாப்ட்டுட்டு, "நல்ல குடும்பத்துல பொண்ணு எடுத்திருக்கேன்"னு தனக்குத் தானே சொல்லிகினாரு.

ஆவணி பொறந்துது. சுங்குவார்சத்திரத்துல இருந்து மாப்பிள்ளை வூட்டுக்காரங்க வேன்ல வந்து எறங்கினாங்க. மாப்பிள்ளை பகலவனோட அப்பா ராஜாமணி, பஸ் ஸ்டாண்டாண்ட சைக்கிள் கடை வச்சிருக்கறவரு. கண்ணப்பன் வழக்கம் போல முன் வரிசையில, சலவை வேட்டி மொடமொடன்னு சத்தம் போட உக்காந்திருந்தாரு. ஐயரு ஆரம்பிக்கறதுக்குள்ள தொண்டையைக் கனைச்சிகினு எழுந்தாரு.

"அண்ணே, நீ உக்காரு"ன்னா சுந்தராம்பாள். "இன்னிக்கு இவரு பேசட்டும்."

கண்ணப்பன் உக்காந்துட்டாரு. உக்காந்தே வுட்டாரு. முனிரத்தினம் எழுந்தப்போ தரையில கால் படல.

"பெரியவங்க மன்னிக்கணும். நாம எல்லாரும் மண்டபத்துல கல்யாணம் பண்ணிப் பண்ணி சலிச்சிட்டோம். என் பொண்ணு கல்யாணம் ஒரு தீவுல நடக்கும்."

சபையில ஒருத்தரை ஒருத்தரு பாத்துகினாங்க. மாப்பிள்ளைப் பையன் மட்டும் நிமுந்து உக்காந்தான்.

"தீவுன்னா எப்பிடின்னு கொஞ்சம் வெளக்கமா சொல்லிடுங்க"ன்னா சுந்தராம்பாள், கதவோரமா நின்னுகினு. சபையிலன்னா அவளுக்கு மரியாதை தானா வந்துடும். "நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்க."

"நாலு பக்கமும் தண்ணி. நடுவுல நம்ம பந்தலு."

"ரோடு?"

"ரோடே கெடையாது. தண்ணி மேலதான் போவணும்."

"மரம்லாம் தென்னைதான மாப்ள?" கண்ணப்பன் ஆசையாக் கேட்டாரு.

"தென்னைதான் மச்சான். தென்னையைத் தவிர வேற ஒண்ணும் கெடையாது. ஈ காக்கா எட்டிப் பாக்காது." பாவம், வரப்போறதில்லையேன்னு நெனச்சி, கண்ணப்பனைப் பாத்து ஒரு சிரிப்பு வேற சிரிச்சாரு. "இதுல மாத்தமே இல்ல. இந்த சபை சாட்சி."

தட்டு மாறிச்சி. வெத்தலை, பாக்கு, பழம், பூவு எல்லாம் இந்தக் கையில இருந்து அந்தக் கைக்குப் போச்சி. ராஜாமணி தட்டைக் கீழ வச்சிட்டு, "எந்தத் தீவு சம்பந்தி?"ன்னு கேட்டாரு.

முனிரத்தினம் சட்டைக் காலரை இழுத்து வுட்டுகினு மூச்சை உள்ள இழுத்தாரு. அந்த மூச்சு வெளிய வர்றதுக்குள்ள சுந்தராம்பாள் காப்பித் தட்டோட நடுவுல வந்துட்டா.

"எங்க அண்ணன் தோப்புதான் சம்பந்தி. சேரப்பணஞ்சேரி ஏரிக்குள்ள மேடா ஒரு திட்டு கீது பாருங்க, அதேதான்."

இழுத்த மூச்சு உள்ளயே நின்னு, முனிரத்தினம் நெஞ்சு பெலூன் மாதிரி நின்னுது. "அங்க எரும மேயுதுமே."

"ஆவணியில மேயும். கல்யாணம் தையில. ஐப்பசி கார்த்திகையில மழை பெஞ்சி ஏரி ரொம்பினா, கரையில இருந்து தோப்பு வரைக்கும் ஆள் ஒசரத்துக்குத் தண்ணி. எரும எங்க மேயும், நீந்தும். ரோடு கெடையாது, படகுதான். தென்னையைத் தவிர வேற ஒண்ணும் கெடையாது. நீங்க சபையில சொன்னதுல எது கொறையுது?"

முனிரத்தினம் கடைசி ஆயுதத்தை எடுத்தாரு. "அது சரி, உங்க அண்ணனுக்குப் படகு ஒத்துக்காதே."

"நான் எங்க மாப்ள படகு ஏறப் போறேன்?"ன்னாரு கண்ணப்பன். "தண்ணி ஏறறதுக்கு முன்னயே நடந்து போயி தோப்புல குடிசை போட்டுகினு உக்காந்துடுவேன். ரேடியோ செட்டும் என் கூடவே வந்துடும்."

ராஜாமணி எழுந்து வந்து முனிரத்தினத்தைக் கட்டிப் புடிச்சிகினாரு. "சுங்குவார்சத்திரத்துல இருந்து ஒரே வேன்ல ஏரிக்கரைக்குப் போயி தீவுல எறங்கற மாதிரி எவன் சம்பந்தி யோசிப்பான்? மூளைன்னா இது மூளை."

அதுக்கப்பறம் அந்த வட்டாரமே மழைக்கு ஏங்கினப்போ, மழை வேணாம்னு சாமிக்குத் தேங்கா ஒடைச்ச ஒரே ஆளு முனிரத்தினம்தான். ஏரி ரொம்பலன்னா தீவு இல்ல. தீவு இல்லன்னா வாக்கு இல்ல. ஐப்பசியில நல்லா வெய்யில் அடிச்சிது. முனிரத்தினம் விசிலடிச்சிகினே வேலைக்குப் போனாரு. கார்த்திகையில வானம் பொத்துகினு ஊத்திச்சி. கம்பெனி ஷெட்டுக்குள்ளயே கணுக்கால் தண்ணி. சாம்சன் வந்து சொன்னான், "அண்ணாத்த, உங்க ஏரி ரொம்பி வழிஞ்சி கலங்கல் போவுதாம். வாழ்த்துக்கள்."

தை மாசம். சும்மா சொல்லக்கூடாது, அந்தக் காலை அப்பிடி ஒரு காலை. ஏரி வெள்ளித் தட்டு மாதிரி கெடந்துது. மீன் புடிக்கிற படகுங்களுக்கெல்லாம் வாழைக் கன்னும் மாவிலையும் கட்டி, சொந்தக்காரங்க கூச்சல் போட்டுகினே போனாங்க. ஒரு அத்தை தண்ணியில கையை வுட்டு அளைஞ்சிகினே போனாங்க, ஒரு மாமா படகு ஆடறதுக்கு முன்னயே சாமியைக் கூப்ட்டாரு. கலைமதி பட்டுப்பொடவையில படகு முனையில உக்காந்து வந்ததைப் பாத்து, கரையில இருந்த கெழவன்லாம் எழுந்து நின்னான். மேனேஜரு ஆல்பம் எல்லாம் இதுக்கு முன்ன தூசு.

கண்ணப்பன் கையில மைக்கு. தண்ணி மேல அந்தக் குரலு தங்கு தடையில்லாம படப்பை வரைக்கும் போச்சி. மொத வார்த்தையே, "இந்தத் தீவு யோசனை எங்க மாப்ள முனிரத்தினத்தோடது. எங்க பரம்பரையிலயே இப்பிடி ஒரு யோசனை எவனுக்கும் வந்ததில்ல"ன்னாரு. மொத்தக் கூட்டமும் திரும்பிப் பாத்துக் கை தட்டிச்சி. கண்ணப்பன் மைக்கைக் கீழ வச்சிட்டு வந்து, அக்கினிக்கு முன்னால மாமன் ஸ்தானத்துல நின்னாரு. முனிரத்தினம் பொண்ணு கையைப் புடிச்சி மாப்பிள்ளை கையில வச்சப்போ ரெண்டு பேருமே அழுதுட்டாங்க. கண்ணப்பனும் முனிரத்தினமும், ஒரே துண்டுல.

பந்தி முடிஞ்சி, தென்ன மரத்துல சாஞ்சிகினு, வாயில வெத்தலையோட முனிரத்தினம் ஏரியைப் பாத்தாரு. போறவன் வர்றவன்லாம் கை குடுத்துட்டுப் போனான். யாரு ஜெயிச்சா இன்னா, பேரு நம்முது. நெனைக்கவே இனிச்சிது.

சுந்தராம்பாள் வந்து பக்கத்துல உக்காந்தா. பொடவைத் தலைப்பால அவரு நெத்தி வேர்வையைத் தொடைச்சி வுட்டா.

"வந்தவங்கள்லாம் எங்க வூட்டுக் கல்யாணமும் இங்கதான்னு அண்ணனை மொய்க்குறாங்கய்யா. மாசி, பங்குனி ரெண்டு மாசமும் தோப்புல மேளம்தான்."

"பின்ன? யோசனை யாருது?"

"உன்னுதுதான். அதான், படகுல சனங்களை ஏத்தி எறக்க ஒரு பொறுப்பான ஆளு வேணும்னு அண்ணன் கேட்டுச்சி. ஞாயித்துக்கெழமைன்னா நீ வூட்டுல சும்மாதான கெடக்கற, வருவாருன்னு சொல்லிட்டேன்."