ஓட்டையில்லாத கீரை

"ஏன் தாயி, உன் கீரையில ஒரு ஓட்டைகூட இல்லையே? எத்தனை டப்பா மருந்து அடிச்ச?"

கிசி ஊர்ச் சந்தையில் காலையிலிருந்து இப்படிக் கேட்ட ஆறாவது ஆள் அந்த அம்மாள். கெசாரே மணத்தக்காளிக் கீரைக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"மருந்தே அடிக்கலைக்கா! புழுவையெல்லாம் என் கோழிங்க தின்னுடுது."

"அப்போ கோழியைக் கொண்டுவந்து வில்லு!"

அந்த அம்மாள் பக்கத்து விரிப்புக்கு நகர்ந்தாள். அங்கே நியாஞ்சாமாவின் கீரை சல்லடையாக இருந்தது. புழுவே நம்பித் தின்ற கீரையை மனிதர் தின்ன என்ன பயம்? சந்தையின் நியாயம் அது.

மதியம் ஓட்டல் சமையல்காரர் ஒசோரோ வருவார். உகாலிக் களிக்குத் தினமும் யாரிடம் கீரை எடுப்பது என்று இன்று முடிவாகிவிடும். அந்த வாடிக்கை கிடைத்தால் கெசாரே தொண்டை கிழியக் கூவ வேண்டாம்.

சாக்கு தைக்கும் கோணூசியை எடுத்தாள். முதுகைத் திருப்பிக்கொண்டு இலைகளை வரிசையாகக் குத்து குத்தென்று குத்தினாள்.

பறித்த பிறகும் இலை மூச்சுவிடும். காயம்பட்டால் மூச்சு வாங்கும். ஈரமும் வேகமாக வெளியேறும். அரைமணியில் கீரை தலை தொங்கிவிட்டது.

தண்ணீர் தெளித்தாள். அதோடு விட்டாளா? பிளாஸ்டிக் தாளால் இறுக மூடினாள். நியாஞ்சாமாவைப் போல ஈரச் சாக்கு போட்டிருந்தால், தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் தூக்கிக்கொண்டு போயிருக்கும். பிளாஸ்டிக் எதை வெளியே விடும்? உள்ளே கீரை அவிந்து, ஓட்டை விளிம்பெல்லாம் கறுத்துப்போனது.

"வேகவச்சே குடுக்கிறியா? ஓட்டல்ல விறகு மிச்சம்!" என்றாள் நியாஞ்சாமா.

ஒசோரோ வந்தார். கெசாரேயின் இலை ஒன்றை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"எல்லா ஓட்டையும் ஒரே அளவு, ஒரே வரிசை. உங்க தோட்டத்துப் புழு பட்டாளத்துல இருந்துச்சோ?"

சந்தையே சிரித்தது. நியாஞ்சாமாவின் இலையைத் தூக்கினார். பெரிதும் சிறிதுமாக, வரிசையில்லாத ஓட்டைகள்.

"இதுதான் நேர்மையான புழு. இன்னையிலிருந்து தினமும் உன்கிட்டதான்."

நியாஞ்சாமா கட்டுகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு அவர் பின்னால் ஓட்டலுக்குப் போனாள். கெசாரே அழுகலைப் பொறுக்க உட்கார்ந்தாள்.

அப்போது பட்டறைக் கொல்லர் ஒருவர் வந்து, அவள் முன்னால் துணிப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே மூன்று இரும்புக் குச்சிகள், நுனி கூராக.

"நியாஞ்சாமா அக்கா நீங்கதானே? சொல்லியனுப்பினபடியே மூணு புழு அடிச்சிருக்கேன், பெரிசு, நடுத்தரம், பொடிசு. போன வருஷத்துப் புழு அதுக்குள்ள மழுங்கிடுச்சா?"