ஸ்கூல் வாப்பாவும் போன் வாப்பாவும்

கீழக்கரை
புதன் இரவு

அன்பும் மரியாதையும் நிறைந்த வாப்பா அவர்களுக்கு, மகள் சுஹா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

முதலில் ஒரு கெஞ்சல். இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக உங்கள் ரூமில் இருக்கும் ஏழு பேரிடமும், அந்த ஏழு பேரிலும் முக்கியமாக ஹமீது சுல்தான் மாமாவிடமும் காட்டாதீர்கள். பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படியுங்கள். துபாயில் ஒருவர் போனுக்கு வந்தது ரூமுக்கே வந்த மாதிரி என்று உம்மா சொல்வார்கள். அதனால்தான் வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் காகிதத்தில் எழுதுகிறேன். லீவுக்கு வந்திருந்த காஜா நவாஸ் மாமா துபாய் திரும்புவதற்காக நாளை ஃபஜ்ர் தொழுகைக்குப் பிறகு மதுரை ஏர்போர்ட்டுக்கு வேன் ஏறுகிறார். உம்மா அவரிடம் கொடுத்துவிடும் தொதல் டப்பாவுக்குள், இனிப்புக்கு அடியில் இதை வைத்துவிடுவேன். எழுத்தில் எண்ணெய் ஊறியிருந்தால் மன்னிக்க வேண்டும்.

இங்கே நானும் உம்மாவும் தம்பி வாவுவும் சுகம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? உம்மா கொடுத்துவிட்ட தைலத்தைத் தேய்க்கிறீர்களா, அல்லது போன தடவை மாதிரி ரூமில் எல்லோரும் தேய்த்துத் தீர்த்துவிட்டார்களா?

வாப்பா, எனக்குப் பயமாக இருக்கிறது. இதை உங்களிடம் சொல்லக்கூடாது என்று உம்மா என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறார்கள். ஆனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை நர்சரிப் பிள்ளைகளின் வாப்பாமார் எல்லோரும் வீடியோ காலில் கூடி, பூங்கோதை டீச்சரை வேலையை விட்டு நிறுத்துவதா வேண்டாமா என்று முடிவு செய்யப் போகிறீர்கள். புகார் சொன்னது நீங்கள். டீச்சர் தம்பியின் மூக்கையும் வாயையும் அழுத்திப் பிடித்ததை நீங்கள் கேமராவில் பார்த்தீர்கள். பார்த்தது பொய்யில்லை. ஆனால் என்னத்தைப் பார்த்தீர்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. அதை விளங்க வைக்க வேண்டுமென்றால் நான் கேமரா வந்த நாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். வெளியே யாராவது பாத்ரூம் கதவைத் தட்டினால் வயிறு சரியில்லை என்று சொல்லிவிடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் நீங்களெல்லாம் போனில் பார்ப்பதற்காகக் கேமரா மாட்டிய அன்றைக்கு நர்சரித் தாளாளர் மஜீதா மேடம் எல்.கே.ஜி. பிள்ளைகளையெல்லாம் வரிசையாக நிறுத்தி, சுவர் உச்சியில் சிவப்பு லைட்டோடு இருந்த அந்த உருண்டையைக் காட்டி, “அங்க பாருங்க, ஓங்க வாப்பாமாரெல்லாம் அதுக்குள்ளேருந்து ஓங்களையே பாத்துக்கிட்டிருக்காக. எல்லாரும் சலாம் சொல்லுங்க” என்றார்கள். பெரியவர்கள் ஒரு பேச்சுக்குச் சொல்வதுதான். ஆனால் எல்.கே.ஜி.யில் ஒரு பேச்சுக்கு என்று எதுவும் கிடையாது வாப்பா. அன்றிலிருந்து பிள்ளைகள் உள்ளே நுழைந்ததும் டீச்சருக்கு வணக்கம் சொல்வதற்கு முன்னால் சுவருக்கு சலாம் சொன்னார்கள். ஊரிலேயே ஆட்டோ ஓட்டும் முனீஸ்வரன் அண்ணனின் மகன் காளிதாஸ் மட்டும், “எங்க அய்யாவ ஏன் செவத்துல மாட்டல?” என்று இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதான். மூன்றாம் நாள் முனீஸ்வரன் அண்ணன் ஆட்டோவை வாசலில் போட்டுவிட்டு வந்து, “நான் உசுரோட இருக்கயிலயே செவத்துல மாட்டச் சொல்றானே டீச்சர், இவன என்ன செய்ய?” என்று கேட்டுவிட்டு, கேமராவுக்கு நேர் கீழே ஒரு ஸ்டூல் போட்டு ஏறி நின்று மகனைப் பார்த்துக் கையாட்டினார். அந்த நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்த வாப்பாமாருக்கெல்லாம் திரை முழுக்க ஒரு மண்டையும் காக்கிச் சட்டைக் காலரும்தான் தெரிந்திருக்கும். திருடன் புகுந்துவிட்டான் என்று மஜீதா மேடத்துக்குப் பதினோரு போன் வந்ததாம்.

அப்புறம் ஒவ்வொரு வாப்பாவும் போன் போட்டு, என் பிள்ளையைக் கேமராவுக்கு முன்னால் உட்கார வையுங்கள், என் பிள்ளை ஓரத்தில் இருக்கிறான், அவன் பாதிதான் தெரிகிறான் என்று சொன்னதில், பிள்ளைகள் எல்லோரும் போர்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேமராவைப் பார்த்து உட்காரும்படி ஆகிவிட்டது. உடனே போர்டைக் கழற்றிக் கேமராவுக்குக் கீழே மாட்டினார்கள். அங்கே நின்று பாடம் நடத்தினால் டீச்சர் கேமராவில் தெரியவில்லை. டீச்சரே வருவதில்லை என்று புகார் வந்தது. அதற்குப் பிறகு பூங்கோதை டீச்சர் அ, ஆ சொல்லிக் கொடுக்கும்போது நடுவில் நடுவில் முன்னால் ஓடி வந்து, மேலே பார்த்து, இருக்கிறேன் என்று கைகாட்டிவிட்டுத் திரும்பிப் போவார்கள். பிள்ளைகளும் அது பாடத்தில் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டார்கள். வாவு வீட்டில் ‘இ’ சொல்லி முடித்ததும் எழுந்து ஓடி உத்தரத்தைப் பார்த்துக் கைகாட்டிவிட்டுத்தான் ‘ஈ’ சொல்கிறான்.

உம்மாமாரின் கதை வேறு. துபாயில் ரூம் முழுக்கப் பார்க்கிறார்கள் என்று தெரிந்த பிறகு யாரும் பிள்ளைக்கு யூனிஃபார்ம் மட்டும் போட்டு அனுப்பவில்லை. மேலே பெருநாள் கோட்டு, கண்ணுக்குச் சுர்மா, தலையில் ஜரிகைத் தொப்பி. நர்சரி நிக்காஹ் வீடு மாதிரி இருந்தது. ஹமீது சுல்தான் மாமா வீட்டு மாமி ஒரு நாள் பகல் நேரத்திலேயே நம் வாசலுக்கு வந்து, “ஒம் மவன் எம் புள்ள டிபன்லேருந்து ரெண்டு சமோசாவ எடுத்துத் தின்னுட்டானாம்ல? இப்பத்தான் துபாய்லேருந்து போன் வந்துச்சு” என்று சத்தம் போட்டார்கள். அந்த நேரத்தில் வாவு அந்தச் சமோசாவை விழுங்கிக்கூட முடித்திருக்க மாட்டான். நீங்களும் சும்மா இல்லை வாப்பா. பட்டன் போடவில்லை, மூக்கு ஒழுகுகிறது, தண்ணீர் குடிக்கவில்லை என்று நீங்கள் போன் போடப் போட, உம்மா உலையை அடுப்பில் வைத்துவிட்டு நர்சரிக்கு ஓடி ஓடிப் போனார்கள். ஒரு நாள் என்னிடம் மூச்சு வாங்கிக்கொண்டே, “அடுப்படியிலயும் ஒரு கேமரா மாட்டச் சொல்லுடி. என்னையும் கொஞ்சம் பாக்கட்டும்” என்றார்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள்.

எறும்பு விஷயம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கேமராவில் பிள்ளைகள் மேல் பூனை அளவுக்கு எறும்பு ஊர்கிறது என்று ஹமீது சுல்தான் மாமா அலறியதில் நர்சரிக்கு ஒரு நாள் லீவு விட்டு மருந்தடித்தார்கள். எறும்பு எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும். வாவு தினமும் தன் பிஸ்கட்டில் பாதியை எச்சில் தொட்டுக் கேமராவுக்குக் கீழே சுவரில் ஒட்டி வைத்திருக்கிறான்; அதற்கு வந்த எறும்புதான் கேமராக் கண்ணாடி மேல் ஏறியிருக்கிறது. ஏன் என்று அப்போது நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பட்டாணி வரைக்கும் வந்திருக்காது.

இப்போது பட்டாணிக்கு வருகிறேன். எண்ணிப் பழகுவதற்காகப் பிள்ளைகளுக்கு ஆளுக்குப் பத்துக் காய்ந்த பட்டாணி கொடுத்திருந்தார்கள். வாவு ஒன்றை எடுத்து, கேமராவைப் பார்த்துக் காட்டி, மூக்குக்குள் போட்டுக்கொண்டான். பூங்கோதை டீச்சர் பாய்ந்து வந்து, அவன் வாயைப் பொத்தி, நல்ல பக்க மூக்கை அழுத்தி, “சீந்துடா தங்கம், பலமா சீந்து” என்றார்கள். அவன் காலை உதைத்தான். மூன்றாவது தடவை பட்டாணி பறந்து போய்க் காளிதாஸின் நெற்றியில் விழுந்தது. கேமரா சுவர் உச்சியிலிருந்து பார்ப்பதாலும் அதில் சத்தம் வராததாலும், உங்களுக்கு ஒரு பொம்பளை பிள்ளையின் முகத்தை அழுத்துவதும் பிள்ளையின் கால் துடிப்பதும்தான் தெரிந்தது. பட்டாணி தெரியவில்லை. ‘தங்கம்’ கேட்கவில்லை. நீங்கள் அந்த வீடியோவைக் குரூப்பில் போட்டீர்கள், அது மலேசியா போய், புருனை போய், ஊருக்குத் திரும்பி வந்தபோது டீச்சர் பிள்ளையைக் கொல்லப் பார்த்தார்கள் என்று ஆகியிருந்தது.

டீச்சர் அந்தப் பட்டாணியைத் தீப்பெட்டிக்குள் பத்திரமாக வைத்து மஜீதா மேடத்திடம் காட்டினார்கள். மேடம், “பட்டாணி யாரு வீட்டுலதான் இல்ல? இது அந்தப் பட்டாணிதான்னு துபாய்ல இருக்குற மனுஷங்களுக்கு நா எப்புடிக் காட்டுறது?” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, டீச்சரை அனுப்பாவிட்டால் பாதிப் பிள்ளைகளை நிறுத்திவிடுவோம் என்று உங்கள் குரூப்பில் வாப்பாமார் எழுதியிருக்கிறார்கள். மாலையில் தம்பியைக் கூப்பிடப் போனபோது டீச்சர் என்னிடமும் நடந்ததைச் சொல்லித் தீப்பெட்டியைத் திறந்து காட்டினார்கள். அழவில்லை. “எம் மகளும் எல்.கே.ஜி.தான் சுஹா. ராம்நாட்டுல படிக்கிறா. அங்க கேமரா இல்ல. அவ மூக்குல எதையாச்சும் போட்டா எடுக்க ஆள் இருந்தாப் போதும்னு நெனச்சுக்கிட்டுத்தான் தெனமும் பஸ் ஏறுறேன்” என்றார்கள்.

நான் வீட்டுக்கு வந்து உம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உம்மா வாவுவை மடியில் உட்கார வைத்து, “ஏன்டா மூக்குல போட்ட?” என்று கேட்டார்கள்.

“வாப்பாக்கு வித்தை காட்டுனேன்.”

“எந்த வாப்பாக்குடா?”

“ஸ்கூல் வாப்பாக்கு.”

“இவனுக்கு எத்தன வாப்பாடி?” என்று உம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அவன் விரலை நீட்டிக் கணக்குச் சொன்னான். “ரெண்டு. போன் வாப்பா ராத்திரிதான் வருவாக, பேசுவாக. ஸ்கூல் வாப்பா செவத்துலயே இருக்காக, பேசவே மாட்டாக, சும்மா பாத்துக்கிட்டே இருப்பாக. பிஸ்கட்டுக் குடுத்தாலும் திங்க மாட்டாக. எல்லாருக்கும் அவுகதான் வாப்பா. காளிதாஸுக்கு மட்டும் ஆட்டோ வாப்பா. அவுக தூக்குவாக.”

உம்மா சிரிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து போய் அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டார்கள். ரொம்ப நேரம் தண்ணீர் ஓடியது. பிறகு வந்து என் கையைப் பிடித்து, “இத வாப்பாக்கிட்ட சொல்லிறாதடி. அங்கன தனியாக் கெடக்குற மனுஷன். மனசு விட்டுரும்” என்றார்கள். சரி என்றேன். அதனால்தான் பட்டாணி விஷயத்தையும் வீட்டில் யாரும் உங்களிடம் சொல்லவில்லை. பட்டாணியைச் சொன்னால் ஏன் போட்டான் என்று கேட்பீர்கள்.

வாப்பா, நீங்கள் பார்ப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. சூப்பர் மார்க்கெட் குடோனில் போனைப் பார்த்துக்கொண்டே நடந்து ஒரு முட்டைத் தட்டையே கீழே போட்டுவிட்டீர்கள் என்று காஜா நவாஸ் மாமா வந்தபோது சிரித்துச் சிரித்துச் சொன்னார். உம்மா சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. அவனுக்கு ஒன்றரை வயதில் நீங்கள் வந்து போனதுதான், போன வருஷ லீவும் தள்ளிப் போய்விட்டது. உங்களுக்கு அவனைப் பகலில் பார்க்க வேறு வழியில்லை. ஆனால் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், இதற்காகத்தான் பாத்ரூமுக்குள் போகச் சொன்னேன். வாவு தினமும் கேமராவைப் பார்த்து இரண்டு கையையும் ஏந்துகிறான், இந்த வயதிலேயே துஆ கேட்கிறான் மாஷா அல்லாஹ் என்று நீங்கள் ரூமில் எல்லோருக்கும் காட்டினீர்கள். அவன் துஆ கேட்கவில்லை வாப்பா. தூக்கச் சொல்கிறான்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீங்களே முதலில் பேச வேண்டும். பூங்கோதை டீச்சர் பட்டாணியைத்தான் எடுத்தார்கள், நான் தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று நீங்கள் சொன்னால்தான் மற்ற வாப்பாமார் கேட்பார்கள். அப்படியே அந்தக் கேமராவையும் கழற்றச் சொல்லிவிடுங்கள். நம்மைப் பார்க்கிறவர்கள் ஓடி வர முடிகிற தூரத்தில் இருந்தால்தான் பார்ப்பதில் பிரயோசனம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அதிகமாகப் பேசியிருந்தால் மன்னியுங்கள். யார் சொன்னது என்று கேட்டால் கனவில் தெரிந்தது என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

அல்லாஹ் உங்கள் முதுகுவலியைப் போக்கி, ரூம் ஏசியைச் சரியாக்கி, சூப்பர்வைசரின் மனதை இளக்கி, இந்த வருஷமாவது லீவை நிறைவேற்றித் தருவானாக. உங்கள் ரூமில் எல்லோருக்கும் சலாம். ஆனால் சொல்லாதீர்கள், சொன்னால் கடிதம் வந்தது தெரிந்துவிடும்.

உங்கள் மகள்
சுஹா

பின்குறிப்பு: கேமராவைக் கழற்றினால் அதைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம் என்று மஜீதா மேடத்திடம் சொல்லி வையுங்கள். எங்கள் ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவில் போர்டுக்கு மேலே ஒரு ஆணி சும்மாதான் இருக்கிறது. நான் ஜன்னல் பக்கம் மூன்றாவது பெஞ்சு. மூக்கில் எதுவும் போட மாட்டேன். கணக்குப் பாடத்துக்கு மட்டும் பார்த்தால் போதும், இந்தத் தடவை நான்தான் முதல் மார்க்கு. பார்க்கும்போது கையில் முட்டைத் தட்டு...

கதவு தட்டுகிறது. உம்மாதான். லைட்டை அணைக்கச் சொல்லவில்லை. “சுஹா, தொதல் டப்பாவ ஒட்டிராதடி, நானும் ஒரு காயிதம் வைக்கணும்” என்கிறார்கள்.