தனியாக அனுப்ப முடியாத திருத்தம்

அவசரம் என்னும் கொடிய நோயை ஒழித்த பெருமை, மருந்துக் கடைகளுக்கு மென்பொருள் செய்யும் ஒரு கம்பெனியின் ஆலோசனைக் குழுவையே சேரும். குழுத் தலைவரை ஊழியர்கள் 'நிதானம் சார்' என்பார்கள். அதைப் பட்டம் என்றே அவரும் நெடுநாள் நம்பிவந்தார், பாவம்.

மென்பொருளில் ஒரு சின்னக் கோளாறு. 'இரண்டு வேளை' என்று தட்டினால், சில மாத்திரை உறைகளில் 'மூன்று வேளை' என்று அச்சாகும். திருத்தம் ஒரே மதியத்தில் தயாராகிவிட்டது. அதைக் கடைகளுக்குக் கொண்டுபோக ஒரு குட்டி அப்டேட்டரும் தயார். ஆனால் அது தனி புரோகிராம். மென்பொருளுக்குள் இன்னும் சேரவில்லை. சேர்ப்பது பற்றி ஏழு மாதமாகக் கூட்டம் நடந்தது.

"தனியாவே அனுப்பிடலாம் சார். ரெண்டு நிமிஷ வேலை," என்றாள் சோதனைப் பிரிவுப் பெண்.

"கம்ப்யூட்டர் திரையில தனியா ஒரு ஜன்னல் திறந்தா கடைக்காரங்க என்ன நினைப்பாங்க?" என்றார் விற்பனை மேலாளர்.

"திருத்தம் வந்திருக்குன்னு நினைப்பாங்க."

"அதாம்மா பிரச்சினை. தப்பு இருந்தது தெரிஞ்சிடும்ல?"

அப்பழுக்கற்ற வாதம். முழுமையாக ஒருங்கிணைத்த பிறகே அனுப்புவது என்று ஏகமனதாக முடிவானது.

"ஒருங்கிணைச்சது கடைக்கு எப்படி சார் போகும்?"

"அப்டேட்டர் வழியாத்தான்," என்றார் நிதானம் சார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதை. ஏழு மாதமாக மாப்பிள்ளை தான்தான் என்பதும் புரிந்தது. ஆனாலும் தலைவர் அல்லவா? 'கவனிக்கப்பட்டது' என்று குறிப்பில் எழுதச் சொன்னார்.

அதுவரை? "களத்தில் 'கைவழித் திருத்த ஏற்பாடு' சிறப்பாக இயங்குகிறது," என்று அறிக்கை வாசித்தார். அந்த ஏற்பாடு அவர் மனைவி. ஒரு மருந்துக் கடையில் வேலை. தினமும் எண்பது உறைகளைப் பேனாவால் திருத்துகிறவள்.

அன்று மாலை அவர் வீட்டுக்குப் போனபோது, அவள் கைப்பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு உறையைத் திருத்தாம விட்டுட்டேங்க. ஒரு பெரியவர் மூணு வேளை போட்டு மயங்கி விழுந்துட்டாராம். பிழைச்சிட்டார். நாளையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம்னு முதலாளி சொல்லிட்டார்."

அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "தப்பு உன் மேல இல்லம்மா. எங்க மென்பொருள் மேல."

"அந்த ஒரு வார்த்தையை நாளைக்கு வந்து முதலாளிகிட்ட சொல்லுங்க. என் வேலை தப்பிச்சிடும்."

வருகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். பதினைந்து வருட அனுபவம் முந்திக்கொண்டது.

"நான் மட்டும் தனியா வந்து சொல்றது முறையா இருக்காது. குழுவுல வச்சு, எல்லாரையும் கலந்து, முழுமையா ஒரு பதிலா..."

தன் பேச்சு தனக்கே கூசியதில் பாதியில் நிறுத்தினார். அவள் நிதானமாக எழுந்து கைப்பையைக் கழற்றி மாட்டினாள்.

"ஏழு மாசமா நான் தனியாத்தான் திருத்தினேன். வேலையை விட்டு அனுப்பினது மட்டும் நீங்க எல்லாரும் சேர்ந்து."