நூற்றெட்டுப் போற்றிக்கு அப்பால் உன் மச்சான்

பழனியாண்டவர் துணை

திருப்பூர்,
புதன்கிழமை, காலை பத்தரை மணி.

என் கடைசித் தம்பி தரணீதரனுக்கு, மூத்த அக்கா முத்தாத்தாள் எழுதுவது. கொமரலிங்கத்தில் நீயும் உன் வீட்டுக்காரியும், குழந்தை கீர்த்தனாவும், மாடு கன்றுகளும், உன் ஜேசிபி வண்டியும் சுகமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். இவ்விடம் எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். சாமி படத்துக்கு நேராக உட்கார்ந்துகொண்டு அப்படி எழுதக் கை வரவில்லை. ஆகவே இவ்விடம் முக்கால்வாசி நலம். மீதிக் கால்வாசி உன் மச்சான். அவரைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பாய். போன வாரம் போனில்தான் சொன்னேன். "ஏனுங்கக்கா, திருப்பூருல மரத்தக் கண்ணுல பாக்கோணும்னா கொமரலிங்கத்துக்குப் பஸ்ஸேறி வருவீங்க, இப்ப ஊட்டுக்குப் பொறத்தால காடு மொளச்சு உங்களப் பயப்படுத்துதாக்கும்?" என்று சிரித்தாய். அதோடு விட்டாயா, வாட்ஸப்பில் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சியை மூன்று முறை அனுப்பினாய். காகிதத்தில் எழுதினால் நீ சிரித்தாலும் எனக்குத் தெரியாது. முழுவதும் படி. நடுவில் டீ குடிக்க எழுந்து போகாதே.

எங்கள் வீட்டுக்கும் கம்பெனிக்கும் பின்னால் சுற்றுச்சுவர் போட்ட முப்பது சென்ட் உனக்குத் தெரியும். உன் மச்சான் நாற்பது மிஷினை வைத்துப் பனியன் தைத்து அனுப்புகிற இத்தனை வருஷமும், அந்த இடம் வெட்டுத்துண்டு மூட்டைக்கும் கிழிந்த அட்டைப்பெட்டிக்கும்தான் ஆயிற்று. நாலு வருஷத்துக்கு முன்னால் நம் பனியனை வாங்குகிற வெளிநாட்டுப் பையர் சார்பில் ஆடிட்டுக்கு ஒரு பெண் வந்தாள். பாத்ரூமைப் பார்த்தாள், தீயணைக்கும் சிலிண்டரைப் பார்த்தாள், கடைசியில் "மரம் எங்கே?" என்று கேட்டாள். காம்பவுண்டுக்குள் இருந்தது ஒரே ஒரு கறிவேப்பிலைச் செடி, அதையும் அன்றைக்குக் காலைதான் ரசத்துக்காக நான் மொட்டையடித்திருந்தேன். மரம் வைக்காத கம்பெனிக்கு அடுத்த ஆர்டர் கிடையாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். உன் மச்சான் எதையாவது அளவாகச் செய்கிறவரா? ஜப்பான்காரர் முறை என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கல்யாணப் பந்தியில் ஆட்களை உட்கார வைப்பது மாதிரி நெருக்கி நெருக்கி அறுநூற்று இருபது கன்று நட்டார். வேம்பு, புங்கன், நாவல், நீர்மருது, அப்புறம் நட்டவருக்கே பேர் தெரியாதது முப்பது வகை. இரண்டே வருஷத்தில் உள்ளே வெயில் விழவில்லை. ஆடிட் பெண் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனாள். ஆர்டரும் வந்தது. அதுவரைக்கும் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நடுவில் ஒரு வேம்புக்கு அடியில் பிள்ளையாரை வைத்தேன். இரும்பு கேட்டிலிருந்து அவர் வரைக்கும் ஒற்றையடிப் பாதை. தினமும் காலை ஏழு மணிக்கு விளக்குப் போடப் போவேன். அடிக்கு ஒரு போற்றி சொல்லிக்கொண்டே நடப்பது என் வழக்கம். விநாயகர் போற்றி நூற்றெட்டில், நாற்பத்தொன்றாவது போற்றிக்குப் பிள்ளையார் முன்னால் நிற்பேன். மிச்சத்தை விளக்கேற்றிவிட்டு நின்றபடியே சொல்வேன். நான் நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான், ஆனால் கணக்கில் என்னைத் தப்புச் சொன்னவர் யாரும் இல்லை, உனக்கே தெரியும். போன தை மாசம் மூன்றாவது வெள்ளிக்கிழமை, நாற்பத்தொன்று சொல்லி நிமிர்ந்தேன், எதிரில் பிள்ளையார் இல்லை. நாற்பத்தேழில் இருந்தார். சரி, முட்டிவலி, அடி சுருங்கிவிட்டது என்று நினைத்துத் தைலம் தேய்த்தேன். மாசியில் அறுபத்து மூன்றில் இருந்தார். பங்குனி உத்திரத்தன்றைக்குத் தொண்ணூற்றில். தைலம் இரண்டு பாட்டில் தீர்ந்தது. சித்திரையில் ஒருநாள் மிகச் சரியாக நூற்றெட்டாவது போற்றிக்குப் போய் நின்றேன் பார், எனக்குப் புல்லரித்துப் போய்விட்டது. சாமி நம் போற்றிக்குத் தகுந்த மாதிரி தள்ளி உட்கார்ந்திருக்கிறார் என்று கம்பெனி முழுக்கச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தேன். மறுநாள் நூற்றெட்டைச் சொல்லி முடித்து நிற்கிறேன், பாதை இன்னும் போகிறது. நூற்றொன்பதாவது அடிக்கு என்ன சொல்வது? அப்படி ஒரு போற்றி கிடையாது, கண்ணு. சாமிக்கே பேர் தீர்ந்துபோன இடத்தில் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றேன். அப்போதுதான் கவனித்தேன், நம் மிஷின் சத்தம் கேட்கவில்லை. திருப்பூரில் கரண்ட் போனாலும் ஜெனரேட்டர் சத்தம் கேட்கும். அங்கே என் மூச்சுதான் கேட்டது. அதுவும் கொஞ்ச நேரம் கழித்து, வேறு யாரோ விடுவது மாதிரி.

வெளியே வந்து சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு சுற்று நடந்து பார்த்தேன். இருநூற்று முப்பது அடி வைத்தேன். கன்று வைத்த அன்றைக்கும் அதேதான். உன் மச்சானிடம் சொன்னேன். "எடம் வளந்தா வேண்டாங்கற பொம்பளய நான் இப்பத்தான் பாக்கறேன்" என்றார். சர்வேயரைக் கூட்டிவந்தேன். நல்ல மனுஷன், வெற்றிலை போடாதவர். வெளியே அளந்தார், முப்பது சென்ட். டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். நூறடி டேப் முழுக்க ஓடி, என் விரலை இழுத்து, பிய்த்துக்கொண்டு உள்ளே போயிற்று. முக்கால் மணி நேரம் கழித்துத் தலையெல்லாம் இலையோடு வந்து, ஒரு சொம்பு மோரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "அம்மா, டேப்பு சரியாத்தானுங்க இருக்குது, எடந்தானுங்க சரியில்ல" என்று சொல்லிவிட்டு டேப்பைக்கூட எடுக்காமல் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

இது எப்படியோ பொங்கியண்ணன் காதுக்குப் போய்விட்டது. உன் மச்சானுக்குப் பங்காளி, பெரியப்பா மகன், பொது வழித் தகராறில் இருபத்திரண்டு வருஷமாக எங்கள் மேல் கேஸ் நடத்துகிறவர். வந்து நின்று, "பாகத்துல உங்களுக்கு உட்டது முப்பது சென்ட்டுங்க. அதுக்கு மேல உள்ள வளந்ததெல்லாம் பொதுவுங்க. பாதி எனக்கு வரோணும்" என்றார். எல்லைக்கல் ஒன்றையும் கடப்பாறையையும் தூக்கிக்கொண்டு காலை எட்டு மணிக்கு உள்ளே போனார். பதினொன்றரைக்கு வந்தார். கல்லும் இல்லை, கடப்பாறையும் இல்லை, செருப்பைக் கையில் பிடித்திருந்தார். "தண்ணி நல்லா குளுருதுங்க" என்றார். செருப்பைப் போட்டுக்கொள்ளாமலேயே நடந்து போய்விட்டார். மறு வாரம் கோர்ட்டுக்குப் போய்க் கேஸை வாபஸ் வாங்கிவிட்டார். தம்பி, நான் நிஜமாகவே பயந்தது அன்றைக்குத்தான்.

செக்கிங் டேபிளில் மூக்கம்மாள் என்று ஒருத்தி இருக்கிறாள், விருதுநகர்ப் பக்கத்துக்காரி. பிசிறு வெட்டுகிற கத்தரியைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைத் தேடி வீட்டுக்கு வந்துவிட்டாள். "யம்மா, சொல்லுதேன்னு கோவப்படாதீக. முந்தாநாளு டீ டயத்துல இரும்பு கேட்டுக்கிட்ட நின்னு மொதலாளியக் கூப்பிட்டேன். 'இந்தா வாறேன்'னு எங் காதுக்கிட்ட சத்தம் கேட்டுச்சு. திரும்பிப் பாத்தா ஆளு இல்ல. அவுக நடந்து வந்து சேர ஒரு மணி நேரம் ஆச்சும்மா. அம்புட்டுத் தொலவுல இருக்கவுக கொரலு எங் காதுல வந்து எப்பிடிம்மா பேசும்?" என்றாள். "நீ பீஸைப் பாரு, கொரலைப் பார்க்காதே" என்று அவளை அனுப்பிவிட்டுப் பூஜை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

உன் மச்சான் முதலில் காலையில் பத்து நிமிஷம் காற்று வாங்கிவிட்டு வருவார். அது அரை மணி ஆயிற்று, இரண்டு மணி ஆயிற்று, இப்போது ஆறு மணிக்குப் போனால் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வருகிறார். சட்டை காய்ந்திருக்கிறது, வேட்டி முட்டிவரை நனைந்திருக்கிறது. உள்ளே இருப்பது ஒரு சொட்டுநீர்க் குழாய், அதில் எறும்பு குளிக்கலாம், மனுஷன் நனைய முடியாது. "ஏனுங்க, வேட்டி எப்படிங்க நனைஞ்சுது?" என்றேன்.

"நடந்தேன்" என்றார்.

"எங்கீங்க நடந்தீங்க?"

"போறப்ப கிட்டத்துலதான் இருக்குது. வர்றப்பத்தான் தூரம். நீயும் வா முத்து."

முப்பத்தேழு வருஷத்தில் என்னை 'இந்தா' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார், தம்பி. பேர் சொன்னதும் ஓடிப் போய்த் திருநீறு எடுத்துவந்து அவர் நெற்றியில் பூசினேன். ஷிப்மென்ட் வெள்ளிக்கிழமை போயாக வேண்டும். மேனேஜர் மோகன்ராஜ் போனைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கும் ஆபீசுக்கும் நடக்கிறான். இவரோ இன்றைக்குக் காலையில் தலையணையையும் போர்வையையும் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறார். ரத்தக்கொதிப்பு மாத்திரையை மேசையிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். தலையணையை எடுத்துக்கொண்டு மாத்திரையை விட்டுப் போகிறவர் திரும்பி வருகிற எண்ணத்தில் போகவில்லை. என் வீட்டுக்காரர் எனக்கு வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

காற்று வேண்டும், நிழல் வேண்டும், பச்சை வேண்டும் என்று நானும்தான் சொன்னேன். சாயப்பட்டறை நாற்றத்தில் பிள்ளை பெற்று வளர்த்தவள் வேறு என்ன சொல்வாள்? ஆனால் காடென்றால் ஆள் உள்ளே போனால் சாப்பாட்டுக்கு வெளியே வருகிற காடாக இருக்க வேண்டும். ஆகவே நீ திங்கட்கிழமை காலையில் ஜேசிபியைக் கொண்டுவந்து அந்த அறுநூற்று இருபதையும் வேரோடு பிடுங்கி, தரையை மட்டமாக்கிக் கொடு. ஆடிட் பெண்ணுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். பிள்ளையாரை மட்டும் முன்னாடியே எடுத்துவிடுகிறேன். இன்றைய கணக்குக்கு அவர் மூன்றாவது சுற்றில் எழுபத்தொன்பதாவது போற்றியில் இருக்கிறார். எப்படியும் போய் எடுத்துவிடுவேன்.

கீர்த்தனாவுக்கு நெற்றியில் பூசத் திருநீறு மடித்து வைத்திருக்கிறேன், உறையைப் பிரிக்கும்போது உதறிவிடாதே. முருகன் உனக்கு நீண்ட ஆயுளையும், உன் வீட்டுக்காரிக்குப் பொறுமையையும், உன் வண்டிக்குப் பழுதில்லாத டயரையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன் நன்மையை ஒருநாளும் மறவாத அக்கா,
ஆ. முத்தாத்தாள்

பின்குறிப்பு: ஜேசிபி வேண்டாம், கண்ணு. உறையை ஒட்டுவதற்கு முன்னால், மாத்திரையையும் மத்தியானச் சோற்றையும் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று, கடிதத்தையும் பேனாவையும் இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனேன். பிள்ளையாரைத் தாண்டியும் நடந்தேன். ஒன்பது சுற்றுப் போற்றி வரைக்கும் எண்ணினேன், அதற்கு மேல் எண்ணவில்லை, எண்ணாமல் நடக்க நன்றாக இருந்தது. எண்ணுவதை விட்ட இடத்திலிருந்து ஏழெட்டு அடி தூரத்தில்தான் ஆறு. உன் மச்சான் நீர்மருது வேரில் தலையணையைப் போட்டு, தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். மாத்திரை தேவைப்படாது என்கிறார், முகத்தைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. உன் ஊருக்கு வர நான் இரண்டு பஸ் மாறி மூன்று மணி நேரம் இடிபட்டதெல்லாம் வீண். இது உங்கள் கொமரலிங்கத்து ஆறேதான், அக்கரையில் இருப்பது உன் தோப்பு. நீ குழாயைப் பிடித்து வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தாய். கூப்பிட்டேன், நிமிர்ந்து பார்த்தாய். நானும் உன் மச்சானும் கை காட்டினோம். நீ குழாயை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. போகட்டும், சின்னவன்.

இதைத் தபாலில் போடவில்லை. சோறு கொண்டுவந்த தூக்குப்போசியில் வைத்து, மூடியை இறுக்கித் தண்ணீரில் விடுகிறேன். உங்கள் துணி துவைக்கும் கல்லில் வந்து தட்டும். போசி என் கல்யாணச் சீரில் வந்தது, அடியில் பேர் வெட்டியிருக்கும். படித்து முடித்ததும் நன்றாகப் புளி போட்டு விளக்கி, அதே கல்லின் மேல் வைத்துவிட்டு நீ உள்ளே போய்விடு. நான் வந்து எடுத்துக்கொள்கிறேன்.